வேலியா, விலங்கா? — பாபாசாகேப் அம்பேத்கர் வாழ்வு தரும் விடை



திக நிகாயத்தில் அக்கஞ்ஞ சுத்தம் என்றொரு சுத்தம் உளது. அரச குலம் வானத்தினின்று இறங்கி வந்ததன்று என்பதை அது விளக்குகின்றது. மக்கள் நெல் வயல்களைப் பங்கிட்டு வரப்புக் கட்டிக்கொண்ட பின்னர், ஒருவன் பிறனுடைய பங்கைத் திருடினான். பழியும் பொய்யும் அடிதடியும் உண்டாயின. அப்பொழுது மக்கள் ஒன்றுகூடித் தம்முள் தகுதி வாய்ந்த ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். தீயோரைக் கண்டிக்கும் பணியை அவனிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு ஊதியமாக விளைச்சலில் ஒரு பங்கு தருவதாக இசைந்தார்கள். பலரது சம்மதத்தால் அமைந்தவனாதலின் அவன் மகாசம்மதன் எனப்பட்டான். அரசன் மக்கள் வைத்த காவற்காரன் என்பதே இதன் கருத்து. ஆயினும் அதே திரிபிடகம், பாடுபட்டுத் தேடிய பொருளுக்கு நேரும் கேடுகளை எண்ணிக் கூறுமிடத்து, நெருப்பு, வெள்ளம், கள்வர் என்பவற்றோடு அரசனையும் சேர்த்தே எண்ணுகின்றது. வேலியாக வைக்கப்பட்டவனே பயிரை மேய்வதும் உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

சென்ற பௌர்ணமியன்று தம்ம உரை முடிந்தபின் இளைஞர் ஒருவர் என்னை அணுகி, நம்மைப் போன்ற மக்களுக்கு அரசாங்கம் துணையா, பகையா என்று வினவினார். பள்ளியும் உதவித்தொகையும் உத்தியோகமும் அரசாங்கத்தால் வந்தன. தடியடியும் சிறையும் கூட அரசாங்கத்தால்தானே வந்தன என்பது அவருடைய ஐயம். ஆலையில் பல்லாண்டுகள் நூல் நூற்று, ஓய்ந்த நேரத்தில் தாமே படித்த எளியேன், அவ்வினாவுக்கு நூலறிவால் விடை கூற வல்லேனல்லேன். ஆகவே, ஒருவருடைய வாழ்க்கையை அவருக்குச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

அரசுப் பள்ளியில் ஒரு குவளை நீர்

பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவில் மௌ என்னும் படைக் குடியிருப்பில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ஆங்கிலேயப் படையில் சுபேதார். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட மகார் குலத்தாருக்கு எழுத்தறிவும் நிலையான ஊதியமும் கிட்டியது படைப் பணியால்தான். ஆனால் 1890களில் அதே அரசாங்கம், மகார் குலத்தாரைப் படையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. கதவைத் திறந்ததும் அரசு, அடைத்ததும் அரசு. அவர் பிறந்த காலத்தின் நிலை இது.

சாத்தாரா நகரத்துப் பள்ளி அரசாங்கப் பள்ளியே. அங்கே பீமராவ் சேர்வதை எவரும் தடுக்கவில்லை. ஆயினும் அவர் தாம் கொண்டுவந்த சாக்கின்மேல் தனித்து அமர வேண்டும். தாகமெடுத்தால் பணியாள் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பணியாள் வாராத நாளில் தண்ணீரும் இல்லை. பள்ளியைக் கட்டியது அரசு. குழாயைக் காத்தது சாதி.

1901ஆம் ஆண்டில், பஞ்ச நிவாரணத்திற்காக அரசாங்கம் வெட்டிய ஏரிப் பணியில் கணக்கு வேலை பார்த்த தந்தையைக் காணச் சிறுவர்கள் சிலர் புகைவண்டியில் புறப்பட்டார்கள். பீமராவும் அவர்களுள் ஒருவர். கட்டணம் செலுத்திப் பயணம் செய்வதை வண்டியில் யாரும் மறுக்கவில்லை. இறங்கிய பின்னர் அவர்களுடைய குலத்தை அறிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறியது. எந்த வண்டிக்காரனும் ஏற்றிக்கொள்ள இசையவில்லை. இரட்டை வாடகை பெற்றுக்கொண்டு ஒருவன் வண்டியைச் சிறுவர்களிடம் ஒப்படைத்துத் தான் நடந்து வந்தான். கையில் சோறு இருந்தும், இரவு முழுவதும் குடிக்க நீரின்றி அக்குழந்தைகள் பட்டினி கிடந்தார்கள். அவர்களைத் தடுத்த அரசாணை ஒன்றும் இல்லை. அவர்களைக் காத்த அரசாணையும் இல்லை.

பின்னர் பரோடா மன்னரின் உதவித்தொகையால் அவர் 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார், இலண்டனிலும் பயின்றார். 1917இல் நன்றிக்கடனாகப் பரோடா அரசில் பணியேற்றார். உயர்ந்த பதவிக்கென வந்தவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களில் செய்தி வெளியாகி, தடி ஏந்திய கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொன்னது. அரசாங்க விடுதி வேண்டி அவர் கொடுத்த விண்ணப்பம் ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குச் சென்றுகொண்டிருந்தது. அரசாங்கமே அழைத்த மனிதர், அந்நகரத்துப் பூங்காவில் ஒரு மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் வடித்தார்.

அன்பர்களே, இவற்றையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரசாங்கம் விலகி நின்றால் மனிதன் விடுதலையோடு வாழ்வான் என்று சிலர் எண்ணுகிறார்கள். வலியவனுக்கு அது மெய்யாகலாம். எளியவனிடத்தில் அரசாங்கம் விலகி நின்றால், அவ்விடத்தில் ஊர் வந்து நிற்கிறது. பண்ணையார் வந்து நிற்கிறார். முதலாளி வந்து நிற்கிறார். நம் பாட்டன்மார் பிறந்த ஊரை விட்டுத் தங்கவயல் சுரங்கங்களுக்கும் பெங்களூர், பம்பாய் ஆலைகளுக்கும் நடந்தது எந்த அரசாணைக்கு அஞ்சி? ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அஞ்சியன்றோ!

மகாத் குளம்

1923ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டசபை, பொதுப் பணத்தால் அமைந்த கிணறு, குளம், பள்ளி, மருத்துவமனை முதலியவற்றைத் தீண்டாதார் எனப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று தீர்மானித்தது. மகாத் நகரசபை அதையொட்டிச் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924இல் தீர்மானம் செய்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளத்தில் இறங்க யாராலும் இயலவில்லை. 1927 மார்ச்சு 20ஆம் நாள் பாபாசாகேப் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். திரும்பும் வழியில் மக்கள் தாக்கப்பட்டார்கள். சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் இட்டுக் குளத்திற்குத் தீட்டுக் கழித்தார்கள். நகரசபை தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் மக்கள் திரண்டபோது, குளத்தை அணுகக் கூடாதென்று நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை பிறந்திருந்தது. சினம் கொண்ட மக்கள் மீறிச் செல்லத் துடித்தார்கள். பாபாசாகேப் அவர்களை அடக்கினார். அநீதியைப் பொறுத்துக்கொள்வது அவர் கருத்தன்று. சட்டத்தைத் தவிர வேறு துணையற்ற மக்கள், சட்டத்தின் வலிமையைத் தம் கையாலேயே குறைத்துக்கொள்ளலாகாது என்பதே அவர் கருத்து. டிசம்பர் 25ஆம் நாள் அம்மாநாட்டில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. வழக்கோ பத்தாண்டுகள் நடந்தது. 1937 மார்ச்சு 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம், விலக்கி வைப்பது தொன்றுதொட்ட வழக்கமென்று நிறுவப்படவில்லையெனக் கூறித் தீண்டாதார் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கை நீருக்காகச் சட்டசபையும், நகரசபையும், நீதிமன்றங்களும், பத்தாண்டுப் பொறுமையும் வேண்டியிருந்தன!

அதற்கிடையே 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குத் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனாருடன் அவர் சென்றார். ஆங்கிலேய அரசு காப்பாற்றிற்று என்று அவர் புகழ்பாடவில்லை. அவ்வாட்சிக்கு முன்னரும் கிணறு மூடியிருந்தது, பின்னரும் மூடியே இருந்தது. கோயில் மூடியிருந்தது, காவற்படையும் மூடியிருந்தது என்று எடுத்துரைத்தார். தன் நலத்திற்காகச் சமூகக் கொடுமையில் கை வைக்க அஞ்சும் அரசு, எளியோருக்கு அரசாகாது என்றார். மக்களாட்சி வேண்டும், அதில் எளியோருக்கும் பங்கு வேண்டும். அதுவே அவர் கேட்டது.

ஆலை வாயிலில்

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நம்மைப் போன்றோருக்கு நூற்பு வேலை கிடைக்கும். கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் இடமில்லை. தார் மாற்றும்பொழுதும் ஊடை நூல் அறுந்தபொழுதும், நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். பிறர் எச்சில் படுமென்று மற்றத் தொழிலாளர்கள் தடுத்தார்கள். இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தக் காலத்தில் பாபாசாகேப் இக்குறையைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்துப் போராடினார். சக தொழிலாளியும் சங்கிலியாகக் கூடும் என்பதை அவர் மறைக்கவில்லை.

ஆனால் அரசாங்கமே தொழிலாளியின் கையைக் கட்ட முற்பட்டபோது, அதே சங்கத்தாரோடு தோள்கொடுத்து நின்றவரும் அவரே. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கி, 1937இல் பம்பாய்ச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1938இல், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாகாண அரசு தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. சமரச நடவடிக்கை முடியுமுன் வேலைநிறுத்தம் செய்வது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பாபாசாகேப் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஒப்பந்தத்தை மீறினால் நட்டஈடு கேட்கலாம். வேலைக்கு வாராதவனைச் சிறையிலடைப்பதோ மனிதனை அவன் விருப்பத்திற்கு மாறாக உழைக்கச் செய்வதாகும். அதற்கு அடிமைத்தனம் என்பதன்றி வேறு பெயரில்லை என்பது அவர் வாதம். மசோதா நிறைவேறியது. 1938 நவம்பர் 7ஆம் நாள் பம்பாய்த் தொழிலாளர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம்மவர் ஆட்சி என்பதனாலேயே நம் விடுதலைக்குத் தீங்கு வாராது என்று எண்ணுவது மயக்கம் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

1942இல் அவரே அரசாங்கத்தினுள் அமர்ந்தார். வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்று 1946 வரை பணியாற்றினார். ஆலைத் தொழிலாளியின் வாராந்தர வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது 1946இல் அவர் கொண்டுவந்த திருத்தத்தால்தான். ஆலைச் சங்கு ஊதியதும் வெளியே வந்து, மாலையில் புத்தகத்தைக் கையில் எடுத்தவன் நான். என் படிப்பில் அந்த ஆறு மணி நேரத்திற்கும் பங்குண்டு. ஆயினும் அதே அரசாங்கம் 1943இல் போர் நெருக்கடியைக் காரணம் காட்டி, பெண்கள் நிலக்கரிச் சுரங்கத்தினுள் இறங்கி வேலை செய்வதற்கிருந்த தடையை நீக்கியது என்பதையும் மறைக்கலாகாது. பாபாசாகேப் அதைத் தற்காலிகமென்று கூறிக் காத்துப் பேசினார்; 1946இல்தான் தடை மீண்டது. எத்துணை நல்லவர் அமர்ந்திருப்பினும், நெருக்கடி என்ற சொல் வந்தவுடன் எளியவருடைய காப்பே முதலில் தளர்கிறது.

இரு பக்கமும் கரை

1947இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அவர் ஒரு விண்ணப்பம் வரைந்தார். அதில் இவ்வினாவை நேராகவே ஆராய்ந்தார். அரசு தலையிடாதிருப்பதே விடுதலை என்பார்க்கு அவர் விடை இது: அரசு விலகினால் நிலக்கிழார் வாரத்தை உயர்த்தவும், முதலாளி வேலை நேரத்தைக் கூட்டிக் கூலியைக் குறைக்கவும் விடுதலை பெறுவர், அரசின் ஆதிக்கம் நீங்கிய இடத்தில் தனியார் ஆதிக்கம் அமரும். ஆகவே அரசின் கையையும் கட்ட வேண்டும். அரசைக் கொண்டு வலியோர் கையையும் கட்ட வேண்டும். ஆற்றுக்கு ஒரு கரை மட்டும் இருந்தால் போதுமா?

அவ்வாண்டு ஆகஸ்டில் அரசியலமைப்பு வரைவுக்குழுவின் தலைவரானார். நம் அரசியலமைப்பில் இவ்விரு கரைகளையும் காணலாம். பதினைந்தாம் விதியின் முதற்பிரிவு, சாதி மத வேற்றுமை காட்டலாகாதென்று அரசைக் கட்டுகிறது. இரண்டாம் பிரிவோ, கடை, உணவுவிடுதி, கிணறு, குளம், நீராடும் துறை, சாலை ஆகியவற்றில் ஒரு குடிமகனைப் பிற குடிமக்கள் தடுப்பதையும் விலக்குகிறது. நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் கிணறும் குளமும் ஏன் வந்தன? மகாத் குளத்தை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டுவதில்லை. பதினேழாம் விதி தீண்டாமையை ஒழித்தது. இருபத்துமூன்றாம் விதி கட்டாய உழைப்பைத் தடுத்தது. உரிமை பறிபோனால் நேராக உச்சநீதிமன்றம் செல்ல வழி செய்யும் முப்பத்திரண்டாம் விதியை, அரசியலமைப்பின் உயிராகவே அவர் கருதினார்.

அக்கரையில் உடைப்பும் உண்டு. விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு ஏற்றது. அதற்கு எல்லை வகுக்கவே 1949 செப்டம்பரில் பாபாசாகேப் ஒரு விதியைக் கொண்டுவந்தார். கைதானவருக்குக் காரணம் சொல்லவும், வழக்கறிஞரை அமர்த்தவும், 24 மணி நேரத்தில் நீதிபதி முன் நிறுத்தவும் அது வகை செய்தது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கோ அக்காப்பு இல்லை. ஆலோசனைக் குழுவின் பார்வையின்றி மூன்று மாதம் வரை அடைத்து வைக்கவும் இடமிருந்தது. இது போதாதென்று சபையில் பலர் குறைகூறினர். நெருக்கடி நிலை விதிகளும் அதே நூலில் இருந்தன. அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், 1975 ஜூன் 25ஆம் நாள் அவ்விதிகள் பயன்படுத்தப்பட்டன. பல்லாயிரவர் சிறைப்பட்டனர், நீதிமன்றம் செல்லும் உரிமை நிறுத்தப்பட்டது, 1976இல் உச்சநீதிமன்றமும் கைவிட்டது. உயிருக்கும் உடல் விடுதலைக்குமான உரிமையை நெருக்கடியிலும் நிறுத்தலாகாதென்று 1978இல் நாற்பத்துநான்காம் திருத்தம் அவ்வுடைப்பை அடைத்தது.

1949 நவம்பர் 25ஆம் நாள் நிகழ்த்திய பேருரையில் அவர் இத்தகைய அபாயங்களை முன்னரே எச்சரித்தார். சட்டம் எத்துணை நன்றாயினும் அதை நடத்துவோர் தீயோராயின் தீதாகும் என்றார். அரசியலில் ஒரு மனிதரிடம் பக்தி செலுத்துவது சர்வாதிகாரத்திற்கு வழி என்றார். நம் பிக்குகள் சங்கம் தீர்மானம், வாக்கெடுப்பு, ஒழுங்குமுறை ஆகியவற்றைப் பண்டே கையாண்டதை அவ்வுரையில் நினைவுபடுத்தியவரும் அவரே. 1951 செப்டம்பரில் இந்துச் சட்ட மசோதா கைவிடப்பட்டபோது, பெண்ணுக்கு வீட்டினுள் காப்பளிக்க மறுத்த அமைச்சரவையில் இருக்க மனமின்றிப் பதவியைத் துறந்தார். நாற்காலி வேண்டி அரசை நாடியவரல்லர் அவர்.

தம்மம் என்னும் காவல்

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் திரிசரணம் ஏற்றார். அடுத்த மாதம் காட்மாண்டு நகரில், உலக பௌத்த மாநாட்டில், வன்முறையாலும் சர்வாதிகாரத்தாலும் நிலைநாட்டும் சமத்துவம் அவ்வன்முறை நீங்கிய நாளில் என்னாகும் என்று வினவினார். மனத்தை மாற்றும் புத்தரின் வழியே நிலைக்கும் என்றார். அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார்.

அவர் காட்டிய வழியில் புத்தம் தழுவியோர்க்கு அரசாங்கம் செய்தது யாது? மத்திய அரசின் 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்துக்களே பட்டியல் சாதியினராகக் கருதப்பட்டனர், 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர், பௌத்தர் சேர்க்கப்படவில்லை. சமயம் தழுவும் உரிமையை ஒரு விதி கொடுத்தது. அவ்வுரிமையைப் பயன்படுத்தியவனுடைய காப்பை ஓர் ஆணை பறித்தது. மனத்தில் புத்தரையும் சான்றிதழில் வேறு பெயரையும் சுமந்து எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தன! 1990இல்தான் சட்டத்திருத்தம் வந்து பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். முப்பத்துநான்கு ஆண்டுகள் இடையறாது கேட்டதன் பயன் அது. தானாகக் கனிந்து விழுந்ததன்று.

இளைஞருக்கு நான் கூறிய விடை இதுவே. அரசு வேலியுமாகும், விலங்குமாகும். அது எதுவாகும் என்பது காவற்காரனின் குணத்தை மட்டும் பொறுத்ததன்று. அவனை வைத்த மக்களின் விழிப்பைப் பொறுத்தது. அரசு வேண்டாமென்று ஒதுங்கினால் ஊரும் சாதியும் நம்மை ஆளும். அரசே எல்லாம் என்று பணிந்தால் அரசே நம்மை மேயும். பாபாசாகேப் அரசை வெறுக்கவுமில்லை, வணங்கவுமில்லை. அதனிடம் கேட்டார், அதனோடு வாதிட்டார், அதனுள் அமர்ந்து பணிபுரிந்தார், தகாதபோது எழுந்து வந்தார்.

ஆனால் சட்டத்தால் குளத்தைத் திறக்கலாம். அருகில் நின்று பருகுபவனை உடன்பிறந்தானாகக் காணும் கண்ணைச் சட்டத்தால் திறக்க இயலாது. அதனாலேயே அவர் தம் இறுதி நாட்களில் நமக்குத் தம்மத்தைத் தந்தார். ஆகவே, வாக்குச்சீட்டை ஆராய்ந்து இடுங்கள். அரசியலமைப்பின் உரிமைப் பகுதியைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். அநீதி கண்டால் ஒன்றுகூடி முறையாகக் கேளுங்கள். வீட்டில் பஞ்சசீலம் காத்து, மனைவியையும் மக்களையும் அடுத்த வீட்டாரையும் ஆளாமல் அன்பு செய்யுங்கள். மகாசம்மதனைத் தேர்ந்தெடுத்த அம்மக்கள், அவனைத் தேர்ந்தபின் உறங்கிவிடலாகாது.

எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி நலமுறுக!